நவம்பர் 1 லீவு எதற்கு?



ஐப்பசி பிறந்துவிட்டது. உங்கள் பிள்ளைகளின் டைரியிலும் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் வழக்கமான செய்திகள் வர ஆரம்பித்திருக்கும். குடையோ ரெயின்கோட்டோ கொடுத்து அனுப்பவும். பட்டாசு வெடிக்கும்போது பெரியவர்கள் கூடவே இருக்கவும். மழை விடுமுறை உண்டா என்று அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவும். இவற்றுக்கு நடுவில் ஒற்றை வரியாக இன்னொன்றும் இருக்கும்: நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள், பள்ளி விடுமுறை.

அந்த வரியைப் படித்துவிட்டு, "ஏன் சார் லீவு? ஆகஸ்ட் 15 முடிஞ்சு போச்சே?" என்று கேட்காத மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெரியவர்கள்தான் பெரும்பாலும் "லீவுன்னா லீவு, போய் விளையாடு" என்று முடித்துவிடுகிறோம். இந்த ஆண்டு அப்படி முடிக்க வேண்டாம். சொல்ல வேண்டிய கதை நம் கையில் இருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15 அன்று நம் ஊரில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் பிரான்ஸ் வசமே இருந்தன. வங்காளத்துச் சந்தன்நகர் 1949-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்தியா பக்கம் வந்தது. இங்கே இழுபறி நீண்டது. 1954 ஜூன் 13-இல் ஏனாமும், ஜூலை 16-இல் மாஹேயும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து விலகின. பிறகுதான் கீழூர்.

கீழூர் நம் ஊருக்கு மேற்கே உள்ள சின்ன கிராமம். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும் நினைவு மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். மூன்றாம் நாள், அக்டோபர் 21, டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1, திங்கட்கிழமை, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையர் ஆனார்.

கதையைச் சொல்லும்போது அந்த 8 பேரை விட்டுவிடாதீர்கள். "எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்" என்பது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல. வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருந்ததால்தான் அதற்கு வாக்கெடுப்பு என்று பெயர். அதே போல, வாக்களித்தது ஊர் மக்கள் எல்லாரும் அல்ல, அவர்கள் தேர்ந்தெடுத்த 178 பேர்தான் என்பதையும் சொல்லுங்கள். சந்தன்நகரில் நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் அதுதான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் ஆகஸ்ட் 16 ஏன் லீவு? இது அடுத்த கேள்வி, கட்டாயம் வரும். வகுப்பில் நான் சொன்ன பதிலையே சொல்கிறேன். வீட்டுச் சாவி கைக்கு வந்த நாள் ஒன்று, பத்திரம் பதிவான நாள் ஒன்று. சாவி வந்தது 1954 நவம்பர் 1. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டது 1956 மே 28. பிரான்சின் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, பத்திரம் முறைப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. இடையில் எட்டு ஆண்டுகள் நாம் குடியிருந்தோம், பத்திரம் மட்டும் பாரிஸில் காத்திருந்தது. என் பணிக்காலத்தில் ஆகஸ்ட் 16-க்குத்தான் கொடியேற்றம். நவம்பர் 1-ஐ அரசு விடுதலை நாளாகக் கொண்டாடுவது அண்மைக்கால வழக்கம்.

அந்தப் பத்திரத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. இங்கே பிறந்தவர்கள் விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் அவர்களில் நிறைய. ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூடத்தில், அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது இப்படித்தான். நம் உறவிலேயே இது உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் ஒரே மாதத்தில் இரண்டு விழாக்கள். நவம்பர் 1-இல் தேசியக் கொடி. பத்து நாள் கழித்து நவம்பர் 11-இல், முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் மலர்வளையம். வயதான சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்து உங்கள் பிள்ளை "இவங்க எதிரிங்களா?" என்று கேட்டால், "இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தா" என்று சொல்லுங்கள். அதுவும் வரலாறுதான்.

மழை விடுமுறைக் குழப்பத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் உறவு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நிலம் ஒரே துண்டாக இல்லை. முத்தியால்பேட்டை புதுச்சேரி, அதை ஒட்டிய கோட்டக்குப்பம் தமிழ்நாடு. வானத்தில் ஒரே மேகம்தான். ஆனால் அங்கே லீவு விடுவது விழுப்புரம் கலெக்டர், இங்கே விடுவது புதுச்சேரி அரசு. கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகளின் பெற்றோர் புதுச்சேரி அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். மாஹேயில் ஜூன், ஜூலையிலேயே தென்மேற்குப் பருவமழைக்கு லீவு விட்டு முடித்திருப்பார்கள். முன்பு அங்கே கேரளப் பாடத்திட்டம், ஏனாமில் ஆந்திரப் பாடத்திட்டம் இருந்தன, இப்போது அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ. ஒரே அரசு, ஒரே நவம்பர் 1, மற்றதில் பலவும் வேறு வேறு.

மழையை லேசாக எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கியவர்களை ராணுவம் வந்துதான் மீட்டது. ஆகவே மழை நாளில் பிள்ளைகளைப் பெரிய வாய்க்கால், உப்பாறு வாய்க்கால் ஓரமாக நடக்க விடாதீர்கள். மூடி இல்லாத சாக்கடை எங்கே இருக்கிறது என்று வெயில் நாளிலேயே காட்டி வையுங்கள். பழைய ஆண்டு லீவு அறிவிப்பை யாரோ மறுபடி அனுப்புவார்கள். தேதி பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம், இது பெற்றோருக்கு. நவம்பர் 1 காலையில் டிபன் சாப்பிடும்போது பிள்ளைகளிடம் மூன்றே எண்ணைச் சொல்லுங்கள்: 178, 170, 8. பிறகு வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அன்று நம் குடும்பத்தில் யார் என்ன நினைத்தார்கள் என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். 1954-ஐ நேரில் கண்டவர்களுக்கு இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாடப் புத்தகத்தில் தேதி இருக்கும். நம் வீட்டில் நடந்ததை நாம்தான் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டில் கேட்டதைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

தீபாவளியைப் பத்திரமாகக் கொண்டாடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்