பர்கண்டியின் கோமகள்: ஞானத்தந்தை காட்டிய கடிதம்

நான்சிப் போர்க்களத்தில் சார்லஸ் கோமகன் மாண்டதும், இருபது வயது நிரம்பாத அவருடைய ஏகபுத்திரி மேரியின் தலையில் பர்கண்டி ராஜ்யபாரம் முழுவதும் வந்து விழுந்ததும் வாசகர்கள் அறிந்தவையே. ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன் மணமகனாக வந்த வைபவத்தை வருணிக்குமுன், அவர் வருகையை இன்றியமையாததாக்கிய ஒரு கடிதத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1457 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் மேரி பிறந்தபோது, தந்தையாகிய பிரெஞ்சு மன்னரோடு பகைத்துக்கொண்டு ஓடிவந்து, பர்கண்டி வம்சத்தாரின் உப்பைத் தின்று வாழ்ந்துகொண்டிருந்த இளவரசர் லூயிதான் அக்குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றவர். அவரே பின்னர் பதினோராம் லூயி என்று சிங்காசனம் ஏறி, சார்லஸ் இறந்த செய்தி எட்டிய மாத்திரத்தில், அநாதையாகிவிட்ட ஞானப்புதல்வியின் பர்கண்டியைக் கைப்பற்றியதோடு, ஆறு வயதுப் பாலகனாகிய தம் மகனுக்கு அவளை மணமுடிக்கவும் வலை விரித்தார்.

அச்சமயம் மேரி இருந்ததோ கெண்ட் நகரத்தில். 1469இல் அந்நகரத் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிரஸ்ஸல்ஸ் அரண்மனை முற்றத்துப் பனியில் வெகுநேரம் மண்டியிடச் செய்த சார்லஸின் அகந்தையைக் கெண்ட் மறக்கவில்லை. போருக்கும் புதிய வரிக்கும் பிரதிநிதி சபைகளின் சம்மதம் வேண்டும் என்னும் மகா சாசனத்தில் 1477 பிப்ரவரி 11ஆம் தேதி மேரி கையொப்பமிட்டாள். ஆயினும், சிற்றன்னை மார்கரெட், உறவினர் ராவென்ஸ்டைன், மந்திரி ஹுகோனெ, ஹம்பர்கோர்ட் பிரபு ஆகிய நால்வரின் ஆலோசனைப்படியே தான் நடப்பதாக லூயிக்கு அந்தரங்கமாக ஒரு கடிதமும் எழுதியிருந்தாள். கோமகள் எங்கள் சொற்படிதான் நடப்பாள் என்று கெண்ட் தூதர்கள் லூயியிடம் பெருமையோடு கூறியபோது, அந்தக் கடிதத்தையே எடுத்து அவர்கள் கையில் கொடுத்தார் அந்த மகானுபாவர்! போர்க்களத்தில் முகத்துக்கு நேரே வெட்டுகிறவனை மன்னிக்கலாம். ஞானப்புதல்வி நம்பி எழுதிய கடிதத்தை அவள் பகைவர் கையில் சேர்ப்பிப்பவனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியொரு கடிதமே எழுதவில்லை என்று மேரி சபையில் மறுத்த கணத்தில், அது அவள் கண்முன்னே நீட்டப்பட்டது. ஹுகோனெயும் ஹம்பர்கோர்ட்டும் சிறைப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, மரண தண்டனை பெற்றனர். ஏப்ரல் 3ஆம் தேதி, துக்க உடையில், தலைவிரி கோலமாகச் சந்தைச் சதுக்கத்துக்கு ஓடிவந்த கோமகள், தன் ஊழியர் இருவரையும் விட்டுவிடுமாறு கண்ணீர் மல்க ஜனங்களிடம் இறைஞ்சியதை, பர்கண்டியை விட்டு லூயியின் பக்கம் சேர்ந்துவிட்ட கோமினே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பகுதியார் மனம் இளகினர். ஈட்டிகளைத் தாழ்த்தி எதிர்த்தரப்பாரை மறிக்கவும் துணிந்தனர். மற்றவர் கூச்சலே மேலோங்கிற்று. இருவர் தலைகளும் உருண்டன.

சார்லஸ் பெற்ற வெற்றிகள் அனைத்தையும்விட, தோற்றுப்போன இந்த வேண்டுகோளையே நான் பெரிதாக மதிக்கிறேன். தன்னை நம்பிய ஊழியருக்காக ஆயுதம் தாங்கிய கூட்டத்தின் நடுவே தனியே நிற்பதுதான் அரச தர்மம். தந்திரத்தால் பெண்ணையும் நாட்டையும் ஒருங்கே பெற எண்ணிய லூயியோ, அவளைத் தம் கையாலேயே ஆஸ்திரியரிடம் தள்ளிவிட்டார்: ஏப்ரல் 21ஆம் தேதி, பிரதிநிதி ஒருவரை முன்னிறுத்தி மாக்ஸிமிலியனோடு அவள் விவாகம் நிச்சயமாயிற்று, பிரெஞ்சு முடிக்கும் ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நீண்ட பகைக்கு வித்தும் ஊன்றப்பட்டது. ஆகஸ்டில் மணமகன் கெண்ட் நகருக்கு வந்து சேர்ந்த சிறப்பை அடுத்த இதழில் காண்போம்.