தொடக்க வட்டு: ஒரு சிறு வரலாறு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுகளில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாப்டின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ். நத்தத்திலோ வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி அதை முதன்முறை முடுக்கியபோது, வேறெதுவும் தொடங்கும் முன்பே திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: இரண்டில் எது? பதில் வராவிட்டால் சில நொடிகளில் கணினி தானே ஒன்றைத் தேர்ந்துகொண்டது. அந்தக் கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும், அதற்குப் பின்னால் பற்றாக்குறையில் பிறந்த ஒரு வரலாறு இருந்தது என்பதையும் யாரும் அன்று பெரிதாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானதும் ஒரு செப்டம்பர் 15 அன்றுதான், 1985இல். ஏறத்தாழ அதே காலத்தில் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவந்தது. அவை பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோக்கள். அவற்றின் அடிப்படை மென்பொருள் சில்லுக்குள்ளேயே இருந்ததால் முடுக்கியவுடன் தயாராகிவிடும். ஆனால் வட்டைச் செருகி, ஷிப்ட் விசையை அழுத்தியபடி பிரேக் விசையைத் தட்டினால், அந்த வட்டில் '!பூட்' என்ற பெயரில் உள்ள கோப்பைத் தேடி அதன்படி நடக்கும். பல கல்வி வட்டுகளில் அந்தக் கோப்பு ஒரு பட்டியலைத்தான் திறந்துவைத்தது: கணிதமா, புவியியலா, விளையாட்டா என்று.

இங்கே ஓர் இடைச்செருகல். 'பூட்' என்ற ஆங்கிலச் சொல் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கைத் தொடரிலிருந்து வந்தது. மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர்போன, 2019இல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் பெற்ற திண்டுக்கல்லின் காதில் அது வேறு மாதிரி ஒலிக்கும். ஆனால் தமிழில் பூட்டுதல் என்பது அடைப்பது மட்டுமல்ல. சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோமே, அங்கே அது தொடங்குவது. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் தற்செயலான இந்த ஒலியொற்றுமை மூலத் தொடரைவிடப் பொருத்தமானது என்றே சொல்வேன்.

ஐபிஎம் தனிக்கணினி 1981இல் வந்தது. அதன் செயலி ஒரு மெகாபைட் நினைவகத்தை மட்டுமே எட்டும். அதிலும் நிரல்களுக்கு விடப்பட்டது 640 கிலோபைட். பின்னர் வந்த செயலிகள் பல மெகாபைட்டுகளை எட்டியபோதும் டாஸ் அந்தப் பழைய எல்லைக்குள்ளேயே வாழ்ந்தது. சுட்டிக்கு ஓர் இயக்கி, குறுவட்டுக்கு ஓர் இயக்கி, வலையமைப்புக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் அந்த 640இல் பங்கு கேட்கும். எல்லாவற்றையும் ஏற்றினால் பெரிய நிரல் ஓடாது. நிரல் ஓட வேண்டுமென்றால் எதையாவது விட வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் ஒற்றை அறை வீடு போல; யார் எப்போது உள்ளே இருப்பது என்பதை முறைவைத்துத்தான் தீர்க்க முடியும்.

அந்த முறைவைப்புதான் தொடக்கப் பட்டியல். தொடக்கத்தில் பயனர்களே அதற்கு வழி கண்டார்கள். இரண்டு மூன்று விதமான தொடக்கக் கோப்புகளை வெவ்வேறு பெயர்களில் எழுதிவைத்து, தேவையானதைப் பெயர் மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி முடுக்கினார்கள். அல்லது வேலைக்கு ஒரு நெகிழ்வட்டு வைத்துக்கொண்டார்கள். 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 இதை முறைப்படுத்தியது. கான்ஃபிக்.சிஸ் என்ற சாதாரண உரைக்கோப்பின் தலையில் 'மெனு' என்று ஒரு பகுதி. அதற்குள் வரிக்கு ஒரு தேர்வாக அதிகபட்சம் 9. ஒவ்வொன்றுக்கும் கீழே தனித்தனிப் பத்தியில் அதற்குரிய இயக்கிகள். எல்லோருக்கும் பொதுவானவை 'காமன்' என்ற பத்தியில். பதில் வராவிட்டால் எத்தனை நொடியில் எதைத் தொடங்குவது என்பதற்கு ஒரு வரி. தேர்ந்தெடுத்த பெயரை அடுத்த கோப்பான ஆட்டோஎக்ஸெக்.பேட் வாங்கிக்கொண்டு, தனக்குரிய இடத்துக்குத் தாவும். நிரலெழுதத் தெரியாதவரும் எழுதக்கூடியது இது. ஒரு கணினி மூன்று கணினிகளாகும்.

டேலி 4.5 டாஸில்தான் இயங்கியது. ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்கு நிரல்கள் தமிழகச் சிறுநகரங்களில் பரவலாக இருந்தன. இத்தகைய கணினி ஒருநாள் எழ மறுத்தால் மேசை இழுப்பறையிலிருந்து எடுக்கப்படுவது தொடக்க வட்டு. கணினி அதன் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள சிறு நிரலிடம் தன்னை ஒப்படைத்துவிடும். யார் எழுதியது என்று கேட்பதில்லை. இந்த நம்பிக்கையைத்தான் நச்சுநிரல்கள் பயன்படுத்தின. 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட 'ஜோஷி' அந்த 512 பைட்டுகளில் குடியேறியது. ஜனவரி 5 அன்று கணினியை நிறுத்தி, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து தட்டச்சு செய்யச் சொன்னது. மருந்து ஒன்றுதான்: எழுத்துத் தடுப்பு இட்ட சுத்தமான வட்டிலிருந்து தொடங்குவது.

விண்டோஸ் 98இன் தொடக்க வட்டு குறுவட்டு வசதியுடனா, இல்லாமலா என்று பட்டியலிட்டுக் கேட்டது. 1.44 மெகாபைட்டில் கருவிகள் அடங்காததால் அவற்றைச் சுருக்கி வைத்து, நினைவகத்திலேயே ஒரு பொய் வட்டை உண்டாக்கி அதில் விரித்துக்கொண்டது. குறுவட்டிலிருந்தே தொடங்கும் முறைக்கு ஐபிஎம்மும் பீனிக்ஸும் 1995இல் விதி வகுத்தன. அதன் ஒரு வழியில் குறுவட்டு தன்னை ஒரு நெகிழ்வட்டாகக் காட்டிக்கொள்ளும். 650 மெகாபைட் பரப்பு, வாசலில் மட்டும் 1.44 மெகாபைட் வேடம். கணினி வரலாற்றில் இப்படிப் பழையதன் தோலைப் போர்த்திக்கொள்ளாமல் புதியது உள்ளே வந்ததாகத் தெரியவில்லை.

மொழிக்கு வருகிறேன். இந்தப் பட்டியல்கள் எதுவும் தமிழில் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. இயங்குதளம் எழும் முன் திரையில் தெரிபவை சில்லில் பொறித்த 256 குறிகள். அவற்றில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும் கோடுகளும் உண்டு. ஒற்றைக்கொம்பை முன்னே நகர்த்தி 'கெ' என்று காட்ட ஒரு நிரல் வேண்டும், ஓர் எழுத்துரு வேண்டும். அந்த விடியற்பொழுதில் இரண்டும் இருப்பதில்லை. விரும்பினால் 'கணக்கு' என்பதை ரோமன் எழுத்தில் எழுதிவைக்கலாம்; டாஸ் மறுக்காது. தமிழ் எப்போதும் கணினி முழுதாக விழித்த பிறகே வந்தது.

ஆனாலும் வந்தது. கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' ஆகியவை எண்பதுகளில் டாஸில் தமிழைக் காட்டின. சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகினால் டாஸின் உரைத்திரையில் இந்திய எழுத்துகள் வந்தன. 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுக்கும் முன்பு, மென்பொருளுக்கு ஒரு குறியீடு என்பதே நிலை. ஆகவே அந்நாளில் தட்டெழுதிச் சேமித்த ஒரு கவிதையை, ஒரு சிற்றிதழின் மெய்ப்பைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளுக்கு டாஸ் வேண்டும். 64 பிட் விண்டோஸ் பழைய டாஸ் நிரல்களை ஏற்பதில்லை.

2002இல் வந்த டாஸ்பாக்ஸ் போன்ற போலிமங்கள் நிரலை ஓட்டிவிடும். வட்டைப் படித்துத் தரமாட்டா. மூன்றரை அங்குல வட்டுக்கு யுஎஸ்பி இயக்ககங்கள் உள்ளன. ஐந்தேகால் அங்குலமென்றால் பழைய கணினி ஒன்றை எழுப்புவதே எளிய வழி. சோனி 2011 மார்ச்சில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. ஆனால் 1994இல் ஜிம் ஹால் அறிவித்த ஃப்ரீடாஸ் இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொடக்கப் பட்டியலை அதுவும் ஏற்கிறது. ஃப்ரீடாஸிலிருந்து ஒரு தொடக்க வட்டு செய்து, பட்டியலில் இரண்டே வரி போதும்: எந்த இயக்கியும் ஏற்றாத வெறும் தொடக்கம் ஒன்று, கோப்புகளை வேறு கணினிக்கு அனுப்ப வலையமைப்புடன் ஒன்று. பரணில் இருக்கும் வட்டுகளுக்கு முதலில் எழுத்துத் தடுப்பு இட்டுவிட்டு, முதல் வரியில் தொடங்குங்கள். காந்தப் பூச்சு உதிர்ந்திருக்கலாம். ஆகவே திறந்து பார்க்கும் முன் முழு வட்டையும் அப்படியே பிம்பமாக நகலெடுத்துக்கொள்வது நல்லது. எந்தக் குறியீட்டில் உள்ளது என்பதைப் பிறகு நிதானமாகக் கண்டுபிடிக்கலாம்.