சூ காட்டுவது எளிது

தக்கோலம் என்றால் பலருக்கும் ராஜாதித்தன் ஞாபகம்தான் வரும். 949 வாக்கில் நடந்த போரில் யானை மேலேயே உயிரை விட்ட சோழ இளவரசன். சென்னையிலிருந்து அரக்கோணம் வண்டி பிடித்தால் பக்கத்தில்தான் அந்த ஊர். அதே போரில் ஜெயித்த பக்கத்தில் ஒரு நாயின் கதை இருக்கிறது. ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகனின் படையில் மணலேரன் என்று ஒரு வீரன். பரிசாக என்ன வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை.

பிறகு ஒரு நாள் காளியைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் ஏவினார்கள். நாயும் செத்தது, பன்றியும் செத்தது. இன்றைய மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரில் காளிக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தியோடு அவன் நாய் கோவிவனும் அதில் நிற்கிறது. கள்ளனைக் கடித்து நின்றது என்று பெயர் சொல்லியே பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இரண்டு கல்லிலும் இல்லாத ஒன்று, அந்த நாய்களைப் பழக்கிய ஆளின் பெயர். வேட்டையின் வரலாற்றில் எப்போதும் விடுபடுவது அவர்தான். ஏவியவன் பெயர் நிற்கும், பாய்ந்த நாயின் பெயர்கூட நிற்கும், பழக்கியவர் காணாமல் போவார். அதனாலேயே நாய்க்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு நமக்குள் உட்கார்ந்துவிட்டது.

அடையாறில் எனக்குத் தெரிந்த ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிப்பிப்பாறை வளர்க்கிறார். வாரக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை தாண்டி ஒரு தோப்பில் முயல் துரத்தலாம், நாயையும் கூட்டிக்கிட்டு வா என்று யாரோ அவரை அழைத்திருக்கிறார்கள். "பழக்கவே வேணாம்ங்க, அது ரத்தத்துலயே இருக்கு" என்றார் என்னிடம். அதில் பாதி உண்மை.

துரத்துவது ரத்தத்தில் இருக்கிறதுதான். ஓநாயிடமிருந்து நாய்க்கு வந்தது ஒரு சங்கிலி: பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மனிதர்கள் அந்தச் சங்கிலியை ஆங்காங்கே அறுத்துத்தான் வேட்டை நாய்களை உருவாக்கினார்கள். பாயிண்டர் என்ற நாய் பறவையின் வாடை பட்டதும் சிலை மாதிரி நின்று காட்டும், பாயாது. ரிட்ரீவர் சுடப்பட்ட பறவையைப் பல் படாமல் கவ்வி வரும், கொல்லாது. தி.நகர் மாடி வீடுகளில் சோபாவில் தூங்கும் லாப்ரடார் இந்த வேலைக்காக உருவான இனம். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துபவை. அவற்றிடம் துரத்தும் கண்ணி ரொம்ப பலம். அங்கே நிறுத்துவதற்குக் கண்ணி ஏதும் பிறப்பில் கிடையாது. அதை மனிதர்தான் போட வேண்டும்.

ஆங்கிலேயர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கப்பலில் நரிவேட்டை நாய்களை இறக்கி, நரி கிடைக்காத இடத்தில் குள்ளநரியைத் துரத்தினார்கள். ஊட்டி வென்லாக் புல்வெளியில் சிவப்புக் கோட்டும் குதிரையுமாக அது ஒரு திருவிழா போல நடந்தது. அந்த வேட்டைமொழியில் 'ரயட்' என்று ஒரு சொல் உண்டு, கலகம் என்று அர்த்தம். நாய் குள்ளநரியை விட்டுவிட்டு மானையோ ஆட்டையோ துரத்தினால் அதற்குப் பெயர் கலகம். அதை அடக்கி நாய்களைத் திருப்புவதற்கென்றே குதிரையில் ஆட்கள் கூட வருவார்கள். குட்டி நாயைப் பெரிய நாயோடு கழுத்துப்பட்டையில் பிணைத்து நடக்கவிட்டுப் பழக்குவதும் உண்டு. இத்தனையும் எதற்கு? துரத்தக் கற்றுக்கொடுக்க அல்ல, எதைத் துரத்தக்கூடாது என்று கற்றுக்கொடுக்க.

துப்பாக்கி வேட்டையில் இன்னொரு சிக்கல் சத்தம். தீபாவளி அன்று மயிலாப்பூரில் எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பாருங்கள், ஒரு நாய் நடுங்கிக்கொண்டிருக்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்களும் உண்டு. முதல் தோட்டாவுக்கே வீட்டு நாய் செய்வது அதுதான். வேட்டைக்காரர்கள் தூரத்து வெடியில் தொடங்கி மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து, மாதக்கணக்கில் காதைப் பழக்குவார்கள். மெட்ராஸைச் சுற்றிய வயல்களிலும் சதுப்புகளிலும் துரைமார் உள்ளான் சுட்ட காலத்தில், சேற்றில் இறங்கிப் பறவையைத் தேடி எடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த உள்ளூர் ஆட்கள். நாயின் வேலையை மனிதர் செய்தார். அவர்கள் பெயரும் எங்கும் கிடையாது.

தமிழில் 'சூ காட்டுவது' என்று சொல்கிறோம். ஒரே ஓர் எழுத்து போதும், நாய் பாய்ந்துவிடும். திரும்ப அழைக்க அப்படி ஓர் எழுத்து நம்மிடம் இல்லை. கிராமத்து வேட்டைகளில் அந்த வேலையைச் சீழ்க்கையும், கூட ஓடும் கிழட்டு நாயும் பார்த்துக்கொண்டன. குட்டி அதைப் பார்த்துத்தான் கற்றது. நகரத்து வீட்டில் குட்டி தனியாக வளர்கிறது. இனம் ஊரிலிருந்து வந்துவிட்டது, கற்றுக்கொடுத்த கூட்டம் வரவில்லை.

சட்டமும் இப்போது வேறு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தில் உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. இன்றைய வரையறையில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, துரத்துவது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டை. "நாய்தானே சார் ஓடுச்சு" என்பது பதில் ஆகாது. தெற்கே பாரி வேட்டை நாட்களில் வனத்துறை காவல் போடுவதும் இதனால்தான். காட்டு முயலும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது.

இதெல்லாம் எங்கோ காட்டில் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். கிண்டியைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்து சுமார் 5 சதுர கிலோமீட்டர் புதர்க்காடாக இருந்தது. 1910-ல் காப்புக்காடு. பிறகு கல்வி நிறுவனங்களுக்கும் நினைவகங்களுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தது போக, 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளும் பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்திலும் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. நாய்கள் மானைத் துரத்துவதும் அங்கே உண்டு. வளாக நாய்களைப் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே சூ காட்டியவர் யாரும் இல்லை. பசிக்காகவும் துரத்த வேண்டியதில்லை, மான் ஓடுவதே போதும்.

மானுக்குக் கடிகூட தேவையில்லை. பயந்து வெகுதூரம் ஓடும் மானின் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கி, மணிக்கணக்கிலோ சில நாளிலோ அது செத்துப்போகலாம். துரத்திய நாய் அதற்குள் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கும். வளர்ப்பவருக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியாது.

கிண்டிக்குப் பக்கத்திலேயே, சைதாப்பேட்டையில், அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு பல ஆண்டுகள் இயங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகள் அங்கிருந்து நகரத்து வீடுகளுக்குப் போயின. 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையும் வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனங்கள் மீது ஆசை இன்னும் கூடியது. நல்ல ஆசைதான், அழியவிருந்த இனங்களுக்கு உதவவும் செய்யும். ஆனால் குட்டியோடு சேர்த்து நாம் வாங்குவது பெரும்பாலும் பெருமையை மட்டும்தான்.

அந்தச் சிப்பிப்பாறைக்காரர் முயல் துரத்தப் போகவில்லை. சட்டத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது, ஆனால் அவரை நிறுத்தியது வேறு. மைதானத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு காக்கை பறக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்புகிறதா பார்க்கலாம் என்றேன். நாலு தடவை கூப்பிட்டார். நாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தினமும் காலையில் நீளக் கயிறும் பாக்கெட்டில் அவித்த ஈரலுமாக அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்: வா.