வினைக்குப் பின்னே நிற்கும் சிறு சொல்

கி.பி. 1132. இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தின் தலைவராயிருந்த ஹென்றி, அம்மடத்தைப் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்துக்கு உட்படுத்த முயன்றார். சூழ்ச்சியை உணர்ந்த அரசர் முதலாம் ஹென்றி, அவரைப் பதவி துறக்கச் செய்து நாட்டைவிட்டே அனுப்பினார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் இதனை மடத்தின் ஆண்டுக் குறிப்பேட்டில் எழுதிய, பெயர் தெரியாத துறவி ஒருவர், பதவியைத் துறப்பதைக் குறிக்க 'கிவ்' என்னும் வினையையும் 'அப்' என்னும் சிறு சொல்லையும் இணைத்து எழுதினார். புகைப்பதை விட்டுவிட்டதாகச் சொல்லும் ஆங்கிலேயர் இன்றும் வழங்கும் 'கிவ் அப்' என்பதன் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

கொடுத்தல் என்னும் பொருளுடைய வினையோடு மேல் என்னும் பொருளுடைய சொல் சேர்ந்தால் கைவிடுதல் என்னும் பொருள் எவ்வாறு பிறக்கும்? ஆங்கிலம் கற்கும் இந்திய மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாளேனும் கேட்டிருக்கக்கூடிய இக்கேள்விக்கு விடை மொழியின் வரலாற்றில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. இன்றைய 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஃபர்கிவ்', 'வித்ஸ்டாண்ட்' ஆகியவை அந்த முறையின் எச்சங்கள். 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியிலோ முன்னொட்டுகள் பெரிதும் மறைந்து, சிறு சொல் வினைக்குப் பின்னே நின்றது. அம்மொழியின் செல்வாக்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 12ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலத்தில் முன்னொட்டு தளர்ந்து பின்னிற்கும் சொல் வலுப்பெற்றது என்பது தெளிவு.

1066இல் நார்மானியர் வென்றபின் மொழி இரண்டு அடுக்குகளாயிற்று. அரசவை, நீதிமன்றம், திருச்சபை, கல்வி ஆகியவற்றின் வழியே பிரெஞ்சு, இலத்தீன் வினைகள் வந்து நிறைந்தன. எழுத்தில் தீயை 'எக்ஸ்டிங்விஷ்' செய்தவர் வீட்டில் 'புட் அவுட்' செய்தார். கூட்டத்தைப் 'போஸ்ட்போன்' செய்தவர் பேச்சில் 'புட் ஆஃப்' செய்தார். துன்பத்தை 'டாலரேட்' செய்தவர் 'புட் அப் வித்' என்றும் சொன்னார். இணைச்சொற்களிடையே பொருள் வேறுபாடு சிறிதே. பெரிதாயிருந்தது மதிப்பின் வேறுபாடு. ஒன்று ஏட்டுக்குரியது, மற்றொன்று நாவுக்குரியது.

1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதனைக் கூர்ந்து கண்டார். வினையின் பின் சிறு சொல் சேர்ந்து பொருளை மாற்றும் முறை ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயலாருக்கு மிகப் பெரும் இடர்ப்பாடு அதுவே என்றும் தம் முன்னுரையில் குறித்து, அத்தொடர்களை அகராதியில் உழைத்துத் திரட்டினார். 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை அவர் வகுத்தார். இவற்றை இத்துணைக் கவனத்துடன் தொகுத்த ஜான்சனின் சொந்த உரைநடையோ இலத்தீன் சொற்கள் செறிந்தது.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்த ஏட்டு ஆங்கிலமே. 1835இல் மெக்காலேயின் குறிப்பு, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் என வளர்ந்த கல்விமுறையில் மாணவர் மில்டனையும் அடிசனையும் ஜான்சனையும் பயின்றனர். சமையலறையிலும் கடைத்தெருவிலும் புழங்கும் ஆங்கிலத்தைக் கேட்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. ஆதலின் ஓர் ஆங்கிலச் சிறுவனுக்கு எளிதாயிருந்தது இந்தியப் பட்டதாரிக்குக் கடினமாயிற்று. அச்சிறுவனுக்குக் கடினமாயிருந்தது இவருக்கு எளிதாயிற்று. இந்தத் தலைகீழ் நிலையை ஆள்வோர் கல்விமுறையின் விளைவாகக் காணவில்லை. கற்றவரின் குறையாகக் கண்டனர். இந்திய இதழ்களின் ஆங்கிலத்தைத் திரட்டி நகைப்புக்குரியதாக்கி ஆர்னால்டு ரைட் 1891இல் இலண்டனில் ஒரு நூலே வெளியிட்டார். 'பாபு ஆங்கிலம்' என்னும் இகழ்ச்சிப் பெயர் நெடுங்காலம் நிலைத்தது.

இத்தொடர்களுக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயர் பரவியது பின்னர்தான். 1925இல் வெளிவந்த தம் நூலில் லோகன் பியர்சால் ஸ்மித் அதனை ஆண்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி பரிந்துரைத்த பெயர் அது. 1930இல் சி.கே. ஆக்டன், 850 சொற்களால் ஆன 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தை முன்வைத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. 'கிவ்', 'புட்', 'டேக்' போன்ற அவ்வினைகளோடு சிறு சொற்களைச் சேர்த்தே ஏனைய செயல்களைச் சொல்ல வேண்டும். பட்டியல் சுருங்கியது, சுமை சுருங்கவில்லை. 'கிவ்', 'அப்' இரண்டையும் தனித்தனியே கற்றவருக்குக் 'கிவ் அப்' விளங்கிவிடாதே! வங்காளத்தில் பணியாற்றி, இந்திய மாணவர்க்கென வாசிப்பு நூல்களை உருவாக்கிய மைக்கேல் வெஸ்ட் இத்திட்டத்தை எதிர்த்தோருள் ஒருவர்.

எனினும் இச்சிக்கல் இந்திய மண்ணுக்குப் புதிதன்று. வேத மொழியில் உபசர்க்கங்கள் வினையை விட்டு விலகியும் பின்னும் நிற்கக்கூடியவை. பிற்காலச் சமஸ்கிருதத்தில் அவை வினைக்கு முன்னே ஒட்டிக்கொண்டன. இவ்விரு நிலைகளையும் பாணினி தம் சூத்திரங்களில் பிரித்துக் காட்டுகிறார். ஆங்கிலம் நடந்த பாதைக்கு ஏறத்தாழ எதிர்ப்பாதை இது. உபசர்க்கத்துக்குத் தனிப்பொருள் உண்டா என்னும் வழக்கை யாஸ்கரின் நிருக்தம் பதிவு செய்கிறது: தனித்து நின்றால் பொருள் தராது என்கிறார் சாகடாயனர், உண்டு என்கிறார் கார்க்கியர். இடைச்சொற்கள் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும், தமக்கெனத் தனி இயல்பு உடையன அல்ல என்று தொல்காப்பியமும் வரையறுக்கிறது.

அன்றாடத் தமிழிலும் இதற்கு நிகரான அமைப்பு உண்டு. 'விட்டுக்கொடு' என்பதில் விடுதலும் கொடுத்தலும் தம் நேர்ப்பொருளில் இல்லை. 'பார்த்துக்கொள்' என்றால் கண்ணால் பார்ப்பதன்று, பேணுவது; ஆங்கிலத்தின் 'லுக் ஆஃப்டர்' அதுவே. 'சாப்பிட்டுவிடு' என்பதில் 'விடு' செயல் முற்றுப்பெறுவதைக் காட்டுகிறது. 'ஈட் அப்' என்பதில் 'அப்' செய்வதும் அதுவே. துணைவினைகளை இயல்பாக ஆளும் மாணவரிடம், ஆங்கிலச் சிறு சொற்களைக் காரணமற்ற பட்டியலாகத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்வது அவர் ஏற்கெனவே அறிந்ததை மறைப்பதாகும்.

கற்றவர்கள் இவற்றைத் தமதாக்கிக்கொண்டும் உள்ளனர். 'பாஸ் அவுட்' என்றால் பிரித்தானியரின் பொது வழக்கில் மயங்கி விழுதல்; அவர்களின் படைப் பயிற்சிக் கழகங்களில் மட்டும் பயிற்சி முடித்து வெளியேறுதல். இந்தியாவிலோ கல்லூரிப் படிப்பை முடித்த அனைவருமே 'பாஸ் அவுட்' ஆகின்றனர். 'கோப் அப் வித்' என இந்தியர் சேர்க்கும் 'அப்' பிரித்தானிய இலக்கணத்தில் பிழை. ஆனால் 'புட் அப் வித்' இருக்கும் மொழியில் அது எங்கிருந்து வந்தது என்பது வியப்பன்று.

இன்றும் நேர்காணல் அறையில் ஒருவரின் சிறு சொல் இடம் மாறினால் அவர் படித்த பள்ளி எது என்பதைக் கேட்பவர் கணித்துவிடுகிறார். அங்கே அளக்கப்படுவது அறிவன்று. அம்மொழி புழங்கும் வீட்டில் பிறந்தாரா, ஏட்டில் மட்டும் கற்றாரா என்பதே. பீட்டர்பரோ துறவி எழுதியதும் அரசவையில் மதிப்பில்லாத ஆங்கிலமே. அவர் எழுதிய காலத்தில் மதிப்பு இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்குமே இருந்தது.