அவுரி நீலமும் செருமானிய வேதியியலாளர்களும்

அவுரி நீலம் என்பது அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் சாயம். இலைகளைத் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவிடுவர். வடித்த நீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவர். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் இதுவும் ஒன்று. சென்னை மாகாணத்தில் கடப்பை, நெல்லூர், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களில் அவுரி பயிரானது. திருத்தணி அன்று வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எனவே பழைய அவுரி நிலப்பகுதி இன்றைய மாநில எல்லையின் இருபுறமும் கிடக்கிறது.

செருமானியச் சாய வேதியியலின் தொடக்கமே இந்தச் செடியில்தான். 1826-இல் ஓட்டோ உன்ஃபர்டோர்பன் நீலத்தைச் சூடாக்கி வடித்து ஓர் எண்ணெய்ப் பொருளைப் பெற்றார். பின்னர் அதற்கு அனிலின் என்று பெயர் வந்தது. 'நீல' என்ற நம் சொல் அரபியில் 'அந்நீல்' என்றும் போர்த்துக்கேய மொழியில் 'அனில்' என்றும் திரிந்து உருவான பெயர் அது. நிலக்கரித் தாரில் கிடைப்பதும் இதே பொருள்தான் என 1843-இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் காட்டினார். வயலில் விளைந்ததை ஆலைக் கழிவிலிருந்து செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இது வழி திறந்தது.

விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அடால்ஃப் ஃபொன் பேயர் 1865-இல் நீலத்தை ஆராயத் தொடங்கி, 1880-இல் அதைத் தொகுத்து, 1883-இல் அதன் மூலக்கூற்று அமைப்பை அறிவித்தார். 1905-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அவர் முறையில் செய்த நீலம் அவுரி நீலத்தைவிட விலை கூடுதல். 1890-இல் கார்ல் ஹாய்மன் வேறு வழி கண்டார். அதற்கு வேண்டிய தாலிக் அமிலத்தை நாப்தலீனிலிருந்து மலிவாகப் பெறுவதில் ஒரு விபத்து உதவியது. பி.ஏ.எஸ்.எஃப். ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்து பாதரசம் கலவையில் சிந்த, வினை விரைவுபட்டது. இதை விபத்தின் கதையாகவே சொல்வது வழக்கம். உடைந்த வெப்பமானியைக் கழுவிப் போடாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று பார்த்த ஆய்வகப் பழக்கமே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு உலகில் ஏறத்தாழ 19,000 டன்னாக இருந்த தாவர நீல உற்பத்தி, 1914-இல் 1,000 டன்னளவுக்குச் சரிந்தது.

இந்த வீழ்ச்சியின் சுமை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. தென்னகத்தில் பெரும்பாலும் உழவர்கள் தாமாகவே பயிரிட்டு வந்தனர். அவர்கள் இழந்தது கையில் பணம் தந்த ஒரு பயிரை. பீகாரின் சம்பாரணில் நிலை வேறு. அங்கே குடியானவர் தம் நிலத்தில் 20-க்கு 3 பங்கில் அவுரி போட்டே ஆகவேண்டும் என்பது தோட்டத்துரைமார் விதித்த கட்டாயம். செயற்கை நீலத்தால் விலை விழுந்ததும், அக்கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிக் குத்தகையை உயர்த்தினர். மொத்தத் தொகையும் கேட்டனர். வேண்டாத பயிரைப் போடாமல் இருக்கவும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று! இந்த முறையீடுகளே 1917-இல் காந்தியைச் சம்பாரணுக்கு வரவழைத்தன.

முதல் உலகப் போரில் செருமானியச் சாயம் வருவது நின்றபோது, இந்தியாவில் அவுரி சில ஆண்டுகள் மீண்டும் தழைத்தது. போர் முடிந்தபின் அதுவும் ஓய்ந்தது. இயற்கைச் சாயம் விரும்புவோருக்காகத் திண்டிவனம் பகுதியில் இன்றும் அவுரி பயிராகிறது.