மருதையாறு முதல் காத்தான்குடி வரை

அரியலூர் வட்டாரத்து முதியோர்க்கு மருதையாறு என்றதும் நினைவுக்கு வருவது நீரன்று, இரயிலே. 1956 நவம்பரில் வெள்ளத்தால் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அது வெள்ளத்தின் செயல். 1986 மார்ச்சில் அதே ஆற்றின்மேல் மலைக்கோட்டை விரைவு வண்டியைக் கவிழ்த்ததோ மனிதர் வைத்த வெடி. தமிழர் விடுதலையின் பெயரால் வைத்த வெடிக்கு இரையானோர், பயணச் சீட்டு வாங்கி ஏறிய எளிய மக்கள்! அவ்வியக்கத்தின் தலைவர் தமிழரசன் பொறியியல் கல்வியை இடையில் விட்டவர். 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளையின்போது கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார்.

அந்நாளில் ஒரு வாலிபனை வழிதிருப்ப ஒருவன் ஊருக்குள் நடந்து வரவேண்டியிருந்தது. துண்டறிக்கை வேண்டும், இரவுக் கூட்டம் வேண்டும். தந்தையோ ஜமாஅத்துப் பெரியவரோ அவனைக் காண வாய்ப்பிருந்தது. இன்றோ அவன் கைப்பேசியின் வழியே பிள்ளையின் படுக்கை வரை வந்துவிடுகிறான்.

இலங்கையின் காத்தான்குடியைப் பாருங்கள். ஸஹ்ரான் ஹாஷிம் பேசியது நம் இனிய தமிழில்தான். முதலில் அவர் சாடியது பிற சமயத்தாரையன்று. ஸூஃபி வழி நின்ற முஸ்லிம்களை. 2017 மார்ச் மோதலுக்குப்பின் ஊரைவிட்டுத் தலைமறைவானார்; முகநூலில் அவர் குரல் மட்டும் ஓயவில்லை. அவரைப்பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுமாதம் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் எரிந்தவை ஏதுமறியா முஸ்லிம்களின் கடைகள். இந்நோய் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. அவ்வாண்டு மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், அதனை முகநூலில் நேரலையாகவே காட்டினான்.

இவர்களின் முன்னோரை நாம் கிதாபுகளில் கண்டிருக்கிறோம். பிற முஸ்லிம்களைக் காஃபிர் என்ற காரிஜிகள் இரவெல்லாம் தொழுதவர்கள். அவர்களின் முழக்கத்தைக் கேட்ட ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள், சொல் உண்மை, நாட்டமே பொய் என்றார்கள். நஹ்ரவான் போருக்குச் சற்று முன், உதிர்ந்த பேரீச்சம்பழத்தை விலை கொடாமல் வாயிலிட்ட ஒருவனை அவன் தோழனே கண்டித்துத் துப்பச் செய்தான். அக்கூட்டமே அப்துல்லாஹ் இப்னு கப்பாப் அவர்களையும் கருவுற்றிருந்த அவர் துணைவியாரையும் கொன்றது. பாடத்தில் இதனைச் சொல்லும்போது மாணவர்கள் பழத்தின் சட்டத்தையே முதலில் கேட்கிறார்கள்.