சென்னை மாகாணத்தில் புதுச்செவ்வியல் மரச்சாமான்கள்

பழங்கால கிரேக்க, உரோமானியக் கலை வடிவங்களை முன்மாதிரியாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் எழுந்த கலைப்பாணி புதுச்செவ்வியல் எனப்படுகிறது. கட்டடங்களைப் போலவே நாற்காலி, மேசை, அலமாரி ஆகியவற்றின் வடிவத்தையும் அது மாற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சென்னைக்கு வந்த இந்தப் பாணி, இங்குள்ள மரத்துக்கும் வெயிலுக்கும் கரையானுக்கும் ஏற்ப மாறியது. பழைய அலுவலகங்களிலும் பங்களாக்களிலும் 'வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்' என்று காட்டப்படும் நாற்காலிகள் பல லண்டனிலிருந்து வந்தவை அல்ல. அவை இந்த மண்ணின் தச்சர்கள் செய்தவை.

தோற்றம்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியம், பொம்பெயி நகரங்களில் முறையே 1738, 1748ஆம் ஆண்டுகளில் அகழாய்வு தொடங்கியது. வெளிவந்த சுவரோவியங்களும் வீட்டுப் பொருள்களும் ஐரோப்பியரின் ரசனையைத் திருப்பிவிட்டன. அதுவரை சிப்பியும் கொடியும் வளைந்த கால்களுமாக இருந்த ரொக்கோகோ பாணி பழசாகத் தோன்றியது. 1758இல் இத்தாலியிலிருந்து திரும்பிய ராபர்ட் ஆடம், வீட்டையும் அதனுள் இருக்கும் சாமான்களையும் ஒரே பாணியில் வரைந்தார். பிரான்சில் பதினாறாம் லூயி காலத்து நாற்காலிகள் இதே திசையில் சென்றன.

இப்பாணியைக் கால்களைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். அவை நேராக இறங்கி, அடியில் ஒடுங்கும். சிலவற்றில் தூண்களில் இருப்பதுபோல் நெடுக்குப் பள்ளங்கள் இருக்கும். முதுகுப்பக்கம் கேடயம், நீள்வட்டம், சதுரம் ஆகிய வடிவங்களில் அமையும். அலங்காரம் என்று பார்த்தால் பூமாலை, தாழி, யாழ் போன்றவை அளவோடு வரும். 1800க்குப் பிறகு பழைய கிரேக்கச் சாடிகளில் தீட்டப்பட்ட நாற்காலியைப் பார்த்துச் செய்த, வாள்போல் வெளிப்புறம் வளைந்த கால்கள் பரவின. தாமஸ் ஹோப் 1807இல் வெளியிட்ட நூலும் அதற்கு உதவியது.

பாணி கடல் கடந்ததற்கு மாதிரிப் புத்தகங்கள் முக்கியக் காரணம். ஜார்ஜ் ஹெப்பிள்வைட்டின் நூல் அவர் இறந்தபின் 1788இல் வந்தது. தாமஸ் ஷெரட்டனின் நூல் 1791 முதல் 1794 வரை பகுதி பகுதியாக வெளியானது. படத்தையோ கப்பலில் வந்த ஒற்றை நாற்காலியையோ முன்னால் வைத்துக்கொண்டு கைதேர்ந்த தச்சர் ஒரு டஜன் செய்துவிட முடியும்.

சென்னைக்கு வந்தபின்

சென்னையில் முதலில் கண்ணில் படுவது கட்டடங்கள்தாம். ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், வானியலாளர் ஜான் கோல்டிங்காம் வடிவமைத்து 1802இல் முடிந்த விருந்து மண்டபம் (இன்றைய ராஜாஜி மண்டபம்) கிரேக்கக் கோயிலை நினைவூட்டுவது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ ஆலயம் வட்ட வடிவமானது. எழும்பூரின் பாந்தியன் சாலை என்ற பெயரும் உரோமாபுரியின் பாந்தியனை நினைவூட்டும் பெயர்தான். சிப்பிச் சுண்ணாம்பைப் பளிங்குபோல் மெருகேற்றிய உள்ளூர்க் கொத்தர்கள் இல்லாமல் இத்தகைய வெண்ணிறத் தூண்கள் இல்லை.

தச்சுப் பட்டறையிலும் இதே கதை. லண்டனில் மலிவு மரத்தின்மேல் வெனீர் எனப்படும் மெல்லிய உயர்ரக மரத்தகட்டை வச்சிரத்தால் ஒட்டுவது வழக்கம். சென்னையின் புழுக்கத்தில் வச்சிரம் இளகிவிடும், தகடு உரிந்துவிடும். ஆகவே இங்கே முழுத் தேக்கிலும் ஈட்டியிலும் செய்தார்கள். மெத்தை வைத்துத் தைத்த இருக்கை வியர்வையில் நாறும், பூச்சியும் சேரும். அதற்குப் பதில் காற்றுப் புகும் பிரம்புப் பின்னல் வந்தது. கொள்கை எதுவும் இல்லாமல், தேவையால் பிறந்த மாற்றம் இது. அழகிலும் இது குறைந்துவிடவில்லை. ஷெரட்டன் காலத்து லண்டன் விரும்பிய பொன்னிற மரங்களில் ஒன்று, தமிழில் முதிரை அல்லது பொரசு எனப்படும் நம் காட்டு மரம்!

படைமுகாம்களுக்கு என்று தனிவகைச் சாமான்கள் இருந்தன. கன்டோன்மென்ட் என்ற பெயர் இன்றும் நிற்கும் பூந்தமல்லி போன்ற இடங்களில் தங்கிய அதிகாரிகள் அடிக்கடி இடம் மாறுபவர்கள். அவர்களுக்குத் திருகிக் கழற்றும் கால்களும், இரண்டாகப் பிரியும் இழுப்பறைப் பெட்டியும், பித்தளை மூலைக்கட்டும் தேவைப்பட்டன. கொடியும் செதுக்கலும் இல்லாத நேர்கோட்டு வடிவம் இதற்கு மிகவும் பொருந்தியது.

விசாகப்பட்டினத்துத் தந்த வேலை

மாகாணத்தின் மிகச் சிறந்த வேலைப்பாடு விசாகப்பட்டினத்தில் நடந்தது. அப்போது அவ்வூர் சென்னை ஆட்சிக்கு உட்பட்டது. முதலில் கருங்காலியிலும் ஈட்டியிலும் தந்தத்தைப் பதித்தார்கள். பிறகு சந்தன மரத்தின்மேல் முழுவதும் தந்தத் தகடு போர்த்தி, அதில் கோடு கீறிக் கறுப்பு அரக்கை நிரப்பினார்கள். சென்னை ஆளுநராக 1773 முதல் 1775 வரை இருந்த அலெக்சாண்டர் விஞ்சின் தந்த நாற்காலிகளை, 1781இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரசி சார்லட்டுக்காக வாங்கினார். அவை இன்றும் பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ளன. பிற்காலத்தில் அங்கிருந்து ஹெப்பிள்வைட் பாணிக் கேடய முதுகும் ஓரத்தில் இந்தியப் பூங்கொடியும் கொண்ட நாற்காலிகள் வந்தன. இரண்டு ரசனைகளும் அவற்றில் சண்டையின்றி அமர்ந்திருக்கின்றன.

வாங்கியவரின் பெயர் தெரிகிறது, விற்ற ஆண்டு தெரிகிறது. செய்தவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் பதிவாகவில்லை. லண்டன் பாணிகள் வடிவமைப்பாளரின் பெயரால் அழைக்கப்பட, இங்குள்ளவை ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டன. சில நேரம் அதுவும் இல்லை. சோழமண்டலக் கடற்கரையில் 17ஆம் நூற்றாண்டில் செதுக்கிய கருங்காலி நாற்காலிகளை, ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் டியூடர் மன்னர் காலத்து இங்கிலாந்து வேலை என்று நம்பித் தம் வீட்டில் வைத்திருந்தார்.

பிற்காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கனத்த செதுக்கல் கொண்ட விக்டோரியா பாணி மேலோங்கியது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, கைத்தொழிலுக்கு முறையான பயிற்சி தந்தது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கோடு எல்லா ஐரோப்பியப் பாணிகளும் கலந்தன. அவ்வீடுகளிலிருந்து வெளியேறிய சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

பழைய நாற்காலி ஒன்று கிடைத்தால், மேலே பூசிய வார்னிஷை நம்பாமல் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இருக்கைச் சட்டத்தின் அடியில் இழைப்புளியின் தடம் சீரற்று ஓடும். பிரம்பு கோத்த துளைகளின் இடைவெளி ஒன்றுபோல் இராது. சட்டம் ஒட்டுத்தகடு இல்லாமல் முழுத் தேக்காக இருந்தால், அது உள்ளூர்ப் பட்டறையில் பிறந்தது என்று கருத நல்ல காரணம் உண்டு.